உறையக் கூடாத மருந்து

நர்ஸுக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை. தன் உடம்புக்காக அல்ல, தோளில் தொங்கும் நீலப் பெட்டிக்குள் இருக்கிற மருந்துக்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விட்டவள் அவள். கொஞ்சம் சூடு பட்டாலும் அந்த மருந்து வெறும் தண்ணீர்தான், எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று பயிற்சியில் மண்டையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடம் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. வீட்டில் பால் பாக்கெட்டை அரைமணி நேரம் வெளியே விட்டுவைக்க மாட்டாள். "விட்டா உங்கம்மா நம்ம ரெண்டு பேரையும் ஃபிரிட்ஜுக்குள்ள அடுக்கிடுவா" என்று வீட்டுக்காரர் மகளிடம் கேலி செய்வார்.

இந்த முறை பள்ளிக்கூடத்தில் போட வந்த மருந்து வேறு ரகம். பெண்பிள்ளைகளுக்குப் பின்னாளில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் காக்கிற தடுப்பூசி. அந்த நோயைக் கொண்டுவரும் கிருமி ஆண் பெண் உறவில் தொற்றுவது. அதனால்தான் அந்தப் பேச்சுக்கே இடமில்லாத வயதில், பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரே ஒரு ஊசி போதும். ஆனால் இந்த மருந்துக்குச் சூடும் ஆகாது, உறைகிற குளிரும் ஆகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அது செத்த மருந்து. பார்க்க மருந்தாகவே இருக்கும், போட்டால் கை வலிக்கும், காப்பாற்ற மட்டும் செய்யாது. அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மேசைமேல் போட்டுவைத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகே வைக்க வேண்டும். இதையும் ஒரு பயிற்சியில் சொன்னார்கள். நர்ஸும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

மருந்தைக் காப்பதைவிட அம்மா அப்பாக்களைச் சம்மதிக்க வைப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். விஷயம் எதைப் பற்றியது என்று புரிந்ததும் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள், மீதிப் பேர் ஃபேனைப் பார்த்தார்கள். "எம்பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல மேடம்" என்று ஓர் அம்மா தொடங்கிவைத்தாள். பின்வரிசையில் ஓர் அப்பா எழுந்தார்.

"இதைப் போட்டா, போய் ஆடிட்டு வான்னு நாமளே லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆகாதா?"

"பையனுக்கு ஹெல்மெட் வாங்கிக் குடுக்குறீங்க. போய் லாரியில மோதிட்டு வாடான்னா குடுக்குறீங்க?" என்றாள் நர்ஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கையெழுத்துப் போட ஒருவரும் எழுந்து வரவில்லை. சிரிப்பது வேறு, சம்மதிப்பது வேறு என்று நர்ஸுக்கும் தெரியும். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா எழுந்தாள். நிதானமான பெண். கடையில் எந்நேரமும் புருஷனோடு நின்று காகிதம் நகலெடுத்துக்கொண்டிருப்பாள், அன்று அவரைக் கடையில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். நர்ஸின் மகளும் அவள் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"உங்க பொண்ணுக்கு முதல்ல போடுவீங்களா சிஸ்டர்?"

"போடுவேன். முதல் ஊசியே அவளுக்குத்தான்."

"அப்போ ரெண்டாவது எம்பொண்ணுக்கு" என்று முன்னால் வந்து கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் மற்ற நாற்காலிகள் நகர்ந்தன.

கூட்டம் கலைந்ததும் அவள் நர்ஸை மாடிப்படிக்குக் கீழே மடக்கினாள்.

"ஒரே ஊசிதானே சிஸ்டர்? திரும்பத் திரும்பப் போட வேண்டியதில்லையே?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதோட முடிஞ்சுது."

"அவர்கிட்ட இது டி.டி. ஊசின்னு சொல்லப் போறேன். ஆணி கீணி குத்தினா போடுவாங்களே, அதுன்னு. உண்மை தெரிஞ்சா வீட்டைத் தலைகீழாப் புரட்டிடுவார். நீங்க வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க."

நர்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணாவது தப்பிக்கட்டும் என்று நினைத்துச் சரி என்றாள்.

ஊசி போடும் நாளன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. வேன் டிரைவர் வாசலில் நின்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் ஃப்ரீசரைத் திறந்தாள், கல்லாக இறுகியிருந்த ஐஸ் பேக்குகளை எடுத்தாள், பெட்டியின் நான்கு பக்கமும் செருகினாள், நடுவில் மருந்துக் குப்பிகளை நெருக்கி அடுக்கி மூடிவிட்டாள். காதருகே ஆட்டிப் பார்க்கவில்லை. அலட்சியம் என்று சொல்ல முடியாது. இந்த வெயிலில் மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறைதான். பழைய பாடம் கையில் இருந்தது, புதிய பாடம் தலையில் இருந்தது. அவசரத்தில் கை முந்திக்கொண்டது.

பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். சொன்னபடி முதல் ஊசி நர்ஸின் மகளுக்கு. அம்மாவே குத்தினாலும் ஊசி ஊசிதான் என்பதுபோல அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். அடுத்தது ஜெராக்ஸ் கடைக்காரியின் மகள். வகுப்பே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். கையில குத்துற ஊசி வயித்துக்குக் கீழ இருக்கிற இடத்துக்கு எப்படி வழி கண்டுபிடிச்சுப் போகும்?"

"உன்னை மாதிரிதான், வழியில பார்க்கிறவங்ககிட்டல்லாம் வாயைக் குடுத்துக் கேட்டுக் கேட்டுப் போகும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே இன்னும் நாலைந்து பேருக்குப் பயம் போய்விட்டது. காலை வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே போட்டு முடித்தாள். குப்பிகளை ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே வந்தாள். நடுவில் இருப்பவை நெருக்கமாக இருக்கும், ஓரத்தில் இருப்பதுதான் கைக்கு லேசில் வரும். எல்லா நர்ஸும் அப்படித்தான் எடுப்பார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில், மதியப் பிள்ளைகளுக்காகக் கையை விட்டபோது ஒரு குப்பி வரமாட்டேன் என்றது. ஐஸ் பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்திப் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே கண்ணாடிச் சில்லுபோல ஐஸ்.

காலையில் எடுத்ததெல்லாம் ஓரத்துக் குப்பிகள். ஐஸ் பேக்கை உரசிக்கொண்டு நின்றவை. ஊசி போட்டு, குப்பிகளை உடைத்துக் கழிவுப் பையில் போட்டாகிவிட்டது. கடகடவென்று குத்தித் தள்ளிய வேகத்தில் ஒன்றையாவது நின்று பார்த்தாளா? பார்க்கவில்லை. பெட்டியை மூடினாள். மருந்து தீர்ந்துவிட்டது, மற்றவர்களுக்கு இன்னொரு நாள் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். டிரைவர் என்னவோ கேட்டார், அவள் காதில் விழவில்லை.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னாள். அவளைவிட வயதில் சின்னவர், படபடப்பு இல்லாதவர். பெட்டியிலிருந்து ஒரு குப்பியையும் ஃபிரிட்ஜில் இருந்த ஒரு குப்பியையும் எடுத்து, ஐஸ் கரைந்ததும் ஒன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தார். ஃபிரிட்ஜ் குப்பி பால் கலந்த தண்ணீராக அப்படியே நின்றது. பெட்டிக் குப்பியில் வெள்ளைத் திப்பிகள் மெல்ல இறங்கி அடியில் படிந்தன.

"இது செத்துப்போச்சு" என்றார் டாக்டரம்மா. "சரி, காலையில போட்டதும் இப்படித்தான்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது டாக்டர். நல்லா இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது."

"இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? யாராவது வீடியோ எடுத்துப் போடுவாங்க. கெட்டுப்போன ஊசின்னு ஒரு வார்த்தை போதும், அடுத்த ஸ்கூல்ல ஒரு அம்மா கையெழுத்துப் போட மாட்டாங்க. இந்த ஒரு வகுப்புக்காக மத்த ஸ்கூல் பொண்ணுங்களை எல்லாம் விட்டுடலாமா?"

அவர் சொன்னது சப்பைக்கட்டு அல்ல. நர்ஸே கூட்டங்களில் மூச்சுப்பிடித்துப் பேசிப் பேசிச் சேர்த்த நம்பிக்கை அது. அதைவிடப் பொல்லாத இன்னொன்றும் இருந்தது, அதை டாக்டரம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டால் இந்தத் தப்பு எந்தக் காலத்திலும் வெளியே வராது. இந்தப் பிள்ளைகளில் யாருக்காவது நோய் வந்தால் அது இருபது, முப்பது வருஷம் கழித்து வரும். அந்தப் பெண் எந்த ஊரிலோ, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக, ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எனக்கு ஏன் வந்தது என்று அழுவாள். ஐஸ் பேக்கை யாரும் நினைக்க மாட்டார்கள்.

"இன்னைக்கு ஒரு நாள் யோசிக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நீங்களும் யோசிங்க."

நர்ஸ் யோசித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து நல்ல குப்பி ஒன்றை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இந்தமுறை ஐஸ் பேக்கைக் காதருகே ஆட்டிப் பார்க்க மறக்கவில்லை. மகள் பள்ளி உடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கையைக் காட்டு. இன்னொரு ஊசி போடணும்."

"மறுபடியுமா? காலையில போட்டது என்ன ஆச்சு?"

"அது சரியா ஏறல."

"ஐயோ, அப்போ வாயாடிக்கும் ஏறியிருக்காதே. எனக்கு அப்புறம் அவளுக்குத்தானே போட்டீங்க. இரும்மா, கூப்பிடறேன், அவளும் இங்கயே வந்து போட்டுக்கட்டும்" என்று மகள் போனில் நம்பரைத் தேடத் தொடங்கினாள்.

அந்தப் பிள்ளை எதையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தோழிக்கும் சேர்த்து நினைத்தது, அவ்வளவுதான். ஆனால் நர்ஸுக்குப் பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. தன் பெண்ணை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்ற வந்திருக்கிறோமே, நாமும் ஒரு பொம்பளையா என்று கூசிப்போனாள். எடுத்த சிரிஞ்சைப் பிரிக்காமலே பைக்குள் போட்டாள்.

"கூப்பிடாதே. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

மருந்தை எடுத்துக்கொண்டு அப்போதே சுகாதார நிலையத்துக்குத் திரும்பி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். டாக்டரம்மா இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

"நான் சொல்லிடப் போறேன் டாக்டர்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மெமோ வரும். சஸ்பென்ஷனும் வரலாம்."

"வரட்டும்."

"சரி. நாளைக்கு மத்தியானம் ஸ்கூல்ல கூட்டம் போடலாம். அப்பா அம்மா ரெண்டு பேரையும் வரச் சொல்வோம். நானும் வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன்."

அப்பா அம்மா இரண்டு பேரும் என்றதும்தான் நர்ஸுக்கு டி.டி. ஊசி ஞாபகம் வந்தது. கூட்டத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் திடுதிப்பென்று விஷயத்தைக் கேள்விப்பட்டால் அந்த அம்மாவின் கதி என்ன? முன்கூட்டியே காதில் போட்டுவைக்க வேண்டும்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றாள். புருஷன் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு யாருடைய அடையாள அட்டைக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரி ஒரு தடித்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தின் மறைவில் நர்ஸ் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ் பேக்கிலிருந்து மதியக் கூட்டம் வரை ஒன்றையும் பூசி மெழுகவில்லை.

அவள் மூடியைத் தூக்குவதையும் பக்கம் திருப்புவதையும் நிறுத்தவே இல்லை.

"ஒரே ஊசின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"இப்போ மறுபடியும்."

"ஆமாம்மா. என்னோட தப்பு."

"அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒரு தடவை சொல்லி நம்ப வெச்சதே பெரும்பாடு. நீங்க ஒரு தப்பு பண்ணிட்டு வந்து ஈஸியா சொல்லிட்டீங்க."

"நான் வேணா அவர்கிட்ட எடுத்துச் சொல்றேன். இது உறவுல பரவுற கிருமிக்குத் தடுப்பூசி, பொண்ணோட நடத்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு..."

காகிதம் தீர்ந்து மெஷின் நின்றது. கடைசிச் சொற்கள் கடை முழுக்கக் கேட்டன.

கடைக்காரர் திரும்பினார். "எந்த ஊசி? டி.டி.ன்னு தானே சொன்னே?"

ஜெராக்ஸ் கடைக்காரி குனிந்து காலித் தட்டை வெளியே இழுத்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"பதிமூணு வயசுப் பொண்ணுக்கு இந்த ஊசியா? இப்பவே அதுக்கெல்லாம் தயார் பண்றியா? எவகிட்ட கத்துக்கிட்டே இந்தப் புத்திய? நல்ல குடும்பத்துப் பொண்ணுக்கு எதுக்குடி இது?"

அவள் புதுக் காகிதக் கட்டைப் பிரித்தாள், தட்டி ஒழுங்காக்கித் தட்டில் வைத்தாள், தட்டை உள்ளே தள்ளினாள். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

"நான் நல்ல குடும்பத்துப் பொண்ணு இல்லையா?"

"இப்போ உன்னை யாரு சொன்னா?"

"போன வருஷம் ஆஸ்பத்திரியில எனக்குக் கர்ப்பப்பை வாயில புண்ணுன்னு சுட்டு எடுத்தாங்க. உங்ககிட்ட வெறும் சூட்டுக் கட்டின்னு சொன்னேன். அது இந்தக் கிருமிதான். இன்னும் விட்டிருந்தா கேன்சராகியிருக்கும்னு சொன்னாங்க. எனக்கு உங்களைத் தவிர வேற ஆம்பளை முகம்கூடத் தெரியாது. நல்லவளாத்தான் இருந்தேன். நல்லவளா இருந்து தப்பிச்சேனா?" குரலை அவள் உயர்த்தவே இல்லை. "நீங்க எங்கெங்க போயிட்டு வந்தீங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. இனியும் கேக்கலாம்னு இல்ல. ஊசி போட்டு முடிஞ்சிட்டா அதை அப்படியே விழுங்கிடலாம்னு இருந்தேன்."

லேமினேஷன் மெஷினில் சிக்கிய அட்டை கருகி வாடை வந்தது, அதைக்கூட எடுக்கத் தோன்றாமல் அவர் நின்றார். பிறகு நர்ஸைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க" என்றார்.

நர்ஸ் தெருவில் இறங்கி நடந்தாள். ஒரு குடும்பம் எதையோ மூடிவைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் அவசரம் இழுத்து நடுக்கடையில் போட்டுவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மதியக் கூட்டத்தில் எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது. கத்தினார்கள், வீடியோ எடுத்தார்கள், எங்க புள்ளைங்க என்ன சோதனை எலியா என்று கேட்டார்கள். டாக்டரம்மா சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் நின்றார், வசவில் பாதியை வாங்கிக்கொண்டார். நர்ஸ் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை ஊசி போடலாம், ஆனால் டாக்டர் மேற்பார்வையில் என்று உத்தரவு. அடுத்த வாரம் அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் மேசை போட்டார்கள். ஐஸ் பேக்குகளை டாக்டரம்மாவும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். நர்ஸின் மகள் முதலில் வந்து கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அந்த அம்மாக்கள் நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் குப்பியையே பார்த்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போட்டாள்.

எல்லாம் முடிந்து கட்டிவைக்கும் நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்காரி மகளோடு உள்ளே வந்தாள். தோளில் பெரிய துணிப்பை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா வீட்டுல இருக்கேன்" என்றாள், யாரும் கேட்காமலே. "உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது சிஸ்டர். அதைச் சொல்லிட்டுத்தான் மறுவேலை. சரி, போடுங்க."

நர்ஸ் குப்பியைக் காட்டினாள். அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி ஏறும்போது இம்மென்று ஒரு சத்தம் இல்லை. திறந்திருந்த பெட்டிக்குள், வராத பிள்ளைகளின் குப்பிகள் அடுக்கியபடி இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு மிச்சம் இருக்கே சிஸ்டர்" என்றாள். "எங்கம்மாவுக்கும் ஒண்ணு போட்டுவிடுங்களேன்."

நர்ஸ் பஞ்சை அவள் கையில் வைத்து அழுத்தினாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு இனி வேண்டாம்டி" என்று ஜெராக்ஸ் கடைக்காரி மகளின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "இது வர்றதுக்கு முன்னாடி போட்டுக்கிறது. எழுந்திரு, போகலாம்."